இரணைமடுக் கட்டிலிருந்து லனியாக்கேயா வரை: பக்கத்து அண்டத்தில் கலக்ஸிகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதம், அமாவாசையை ஒட்டிய ஒரு நாள், இரவு பத்தரை மணி. இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்து இரணைமடுக் குளக்கட்டில் பாயை விரித்து மல்லாந்து படுத்தால் உங்கள் நெற்றிக்கு நேர் மேலே ஆயிரத்துக்கும் அதிகமான கலக்ஸிகள் நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் வானத்தின் வேறு எந்தப் பக்கத்திலும் நமக்கு இவ்வளவு கிட்ட இத்தனை கலக்ஸிகள் கூடி நிற்பதில்லை. கலக்ஸிகள் விதைத்த எள் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சிதறிக் கிடக்கவில்லை. அவற்றுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கில் நாம் இருக்கும் பெருங்கூட்டத்துக்குத்தான் லனியாக்கேயா என்று பெயர். அதைத் தெரிந்துகொள்ள வன்னியை விட நல்ல இடம் குறைவு என்பது என் எண்ணம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

புத்தகங்கள் பேரடை, விண்மீன் மண்டலம் என்றெல்லாம் எழுதும். கோடானுகோடி விண்மீன்கள் ஈர்ப்பால் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் கூட்டம் அது. நான் வகுப்பில் சொல்வதுபோலவே கலக்ஸி என்று எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் கரண்ட் இல்லாத காலத்தில் வளர்ந்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு எரிப்போம். படிப்பு முடிந்ததும் அம்மா அதை ஊதி அணைத்துவிடுவா, எண்ணெய் மிஞ்சட்டும் என்று. அணைத்த அடுத்த நிமிடம் முற்றத்துக்கு மேலே பால்வீதி பளிச்சென்று தெரியும். இன்று நகரத்தில் அது இல்லை. குளக்கட்டுப் பக்கம் போனால் இன்னும் இருக்கிறது.

முதற்படி: இடமும் நாளும்

வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை விழுங்கிவிடும். ஆகவே இந்த வேலைக்கு மூன்று காலம் வைத்துக்கொள்ளுங்கள்: மழை விட்ட தை, பிறகு சித்திரை, பிறகு ஆவணி. மூன்றிலும் நிலவில்லாத இரவுகள்தான் வேண்டும். இரணைமடுக் கட்டு நல்லது, ஏனென்றால் தெற்கே பார்த்தால் தண்ணீரும் வானமும்தான். நகர வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வடக்கில் நின்றுவிடும். வேறு குளக்கட்டானாலும் தெற்கு திறந்திருந்தால் போதும்.

ஊர் ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். யானை வரும் பாதையா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆட்கள் புழங்கும் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். மிதிவெடிப் பலகை எங்கேயாவது கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். டோர்ச்சின் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் எல்லாருக்கும் முதலிலிருந்து அரை மணி.

10×50 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதி வேலை நடக்கும்.

இரண்டாம் படி: வெறும் கண்ணால் மூன்று கலக்ஸிகள்

தை மாதம் இரவு ஏழரை மணிக்குத் தொடங்குங்கள். ஒன்றாவது, நாம் உள்ளே இருக்கும் பால்வீதி. சுமார் 1,00,000 ஒளியாண்டு அகலமான ஒரு தட்டு. ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம். அதன் விளிம்பை உள்ளிருந்து பார்ப்பதால்தான் அது நமக்குப் பட்டையாகத் தெரிகிறது.

இரண்டாவது அந்திரோமேடா. வடமேற்கில் காசியோப்பியாவின் ஐந்து விண்மீன்கள் கோணல்மாணலாக, ஆங்கில எம் எழுத்தின் வடிவில் நிற்கும். அந்த எழுத்தின் கூர்மையான பாதி அம்புபோலக் காட்டும் திசையில், கையை நீட்டிப் பிடித்த முட்டி ஒன்றரை அளவு தூரம் தள்ளிப் பாருங்கள். பஞ்சுத் துளிபோல ஒரு மங்கல். 25 இலட்சம் ஒளியாண்டு தூரம். வெறும் கண்ணால் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவற்றில் இதைவிடத் தொலைவானது இல்லை. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவதுக்கு ஒன்பதேகால் வரை காத்திருங்கள். தெற்கே அகத்தியர் விண்மீன் பிரகாசமாக நிற்கும். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, இரண்டு முட்டி அளவுக்குக் கொஞ்சம் குறைய இறங்கினால் குளத்துத் தண்ணீருக்கு மேலே ஒரு மங்கல் திட்டு. அதுதான் பெரிய மகெல்லன் முகில், 1,60,000 ஒளியாண்டில் நம் பால்வீதியைச் சுற்றும் சிறு கலக்ஸி. வன்னியில் அது அடிவானத்திலிருந்து 11 பாகைதான் ஏறும். ஈரப்பதம் கூடிய இரவில் அகப்படாது. வடக்கே போகப் போக இன்னும் தாழ்ந்து போகும், அதனால் டில்லிக்காரருக்கு இது கிடையாது.

மூன்றாம் படி: வன்னி நிலத்தில் ஒரு வரைபடம்

இலட்சம், மில்லியன் என்று சொல்லிக்கொண்டே போனால் எதுவும் மனதில் ஒட்டாது. ஒரு அளவுத்திட்டம் வைப்போம்: 10 இலட்சம் ஒளியாண்டு, அதாவது ஒரு மில்லியன், நமக்கு 1 கிலோமீற்றர். அப்போது ஒரு ஒளியாண்டு ஒரு மில்லிமீற்றர் ஆகிறது. பள்ளிக்கூட அடிமட்டத்தில் உள்ள மிகச் சின்னக் கோடு.

பால்வீதி 100 மீற்றர் அகலமான ஒரு விளையாட்டு மைதானம். அதைக் கிளிநொச்சி நகரில் வையுங்கள். மைதானத்தின் நடுவிலிருந்து 26 மீற்றர் தள்ளி நம் சூரியன். அதற்கு அடுத்த விண்மீன் 4 மில்லிமீற்றரில். நெப்டியூன் வரைக்குமான சூரியக் குடும்பம் முழுவதும் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தூசியிலும் சிறிது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். விண்மீன்களின் பருமனோடு ஒப்பிட்டால் அவற்றுக்கு இடையிலான தூரம் பயங்கரமானது. கலக்ஸிகள் அப்படி இல்லை. 100 மீற்றர் மைதானத்திலிருந்து அடுத்த பெரிய மைதானமான அந்திரோமேடா 2.5 கிலோமீற்றரில் இருக்கிறது. சைக்கிளில் போய்விடலாம். கலக்ஸிகள் ஒன்றையொன்று தெரிந்து, இழுத்து, மோதி, கூட்டம் சேர்வதற்குக் காரணமே இந்த நெருக்கம்தான்.

பால்வீதி, அந்திரோமேடா, முக்கோண விண்மீன் கூட்டத்தில் தெரியும் எம்33 (எம், என்ஜிசி என்று வருபவை வானியல் பட்டியல்களின் இலக்கங்கள்), இவற்றைச் சுற்றும் பல பத்துச் சிறு கலக்ஸிகள். இது நம் உள்ளூர்க் குழு. குறுக்களவு சுமார் 10 கிலோமீற்றர், ஆக வடக்கே பரந்தனோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி 11 முதல் 15 கிலோமீற்றருக்குள், ஆனையிறவுப் பக்கம் மட்டில், அடுத்த வீட்டுக்காரர்: எம்81, எம்82 ஜோடி, சென்டாரஸ் ஏ, எம்83, என்ஜிசி 253. ஈர்ப்பால் கூடி நிற்கும் பெரிய கலக்ஸிக் கூட்டத்தைக் கொத்து என்போம். நமக்குக் கிட்டிய பெரிய கொத்தான கன்னிக் கொத்து 54 கிலோமீற்றரில். கிளிநொச்சியிலிருந்து காகம் பறக்கும் வழியில் யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய அதே தூரம். அங்கே 1,300க்கும் அதிகமான கலக்ஸிகள். போர்னாக்ஸ் கொத்து 62 கிலோமீற்றர், மன்னாருக்குக் கொஞ்சம் இப்பால். நோர்மா கொத்து கண்டிக்குக் கிட்ட. பெர்சியஸ் கொத்து திருச்சி தூரம். கோமா கொத்து புதுச்சேரியைத் தாண்டி. ஹேர்குலிஸ் கொத்து பெங்களூர். பல கொத்துகள் சேர்ந்த ஷாப்லி மீகொத்து சென்னையையும் தாண்டி ஆந்திராவுக்குள். தூரம்தான் கணக்கு, திசையை இந்த ஊர்களில் தேட வேண்டாம். திசைக்கு வானம் இருக்கிறது.

நான்காம் படி: சித்திரையில் உச்சிக்கு மேலே

இதற்காகத்தான் வன்னி நல்ல இடம் என்றேன். கன்னிக் கொத்தின் நடுவில் இருக்கும் எம்87 வானநடுக்கோட்டிலிருந்து 12 பாகை வடக்கே நிற்கிறது. நாமோ பூமியின் நடுக்கோட்டிலிருந்து 9 பாகைக்குக் கொஞ்சம் கூட வடக்கே. ஆகவே அது நம் உச்சியை மூன்று பாகை இடைவெளியில் கடந்து போகிறது. காற்றுப் படலம் மிக மெல்லியதாக இருக்கும் இடம் உச்சிதான்.

சித்திரை பிற்பகுதியில் இரவு பத்தரைக்கு மூன்று விண்மீன்களைப் பிடியுங்கள்: சிம்மத்தின் வால் நுனியான உத்தரம், மஞ்சளாக மின்னும் சுவாதி, வெண்நீலமான சித்திரை. இந்த முக்கோணத்துக்குள், உத்தரத்திலிருந்து சுவாதிப் பக்கமாக ஒரு முட்டி அகலம் போங்கள். அங்கேதான் கொத்தின் நெஞ்சு. பைனாகுலரை நெஞ்சில் ஊன்றி ஆடாமல் பிடித்தால் எம்49, எம்87 இரண்டும் குவியம் விலகிய விண்மீன்கள்போல மங்கலாகத் தெரியும். 2019 ஏப்ரலில் உலகம் முழுவதும் பார்த்த முதல் கருந்துளைப் படம் அந்த எம்87 இன் நடுவிலிருந்து வந்தது. 650 கோடிச் சூரியன் எடை கொண்ட கருந்துளை அது.

இப்போது அடிவானத்தைச் சுற்றிப் பாருங்கள். பால்வீதிப் பட்டை எங்கே? எல்லாப் பக்கத்திலும் தாழக் கிடக்கிறது. நம் தட்டுக்குச் செங்குத்தான திசை இந்த நேரத்தில் உச்சிக்குக் கிட்ட வந்துவிட்டது. வீட்டுக் கூரை விலகி நமக்கு வெளி திறந்திருக்கும் நேரம் இது.

அடுத்து ஒரு கோட்டை மனதில் இழுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், தாழ்வாக, எம்81, எம்82. அங்கிருந்து மேலே ஏறி உச்சியில் கன்னிக் கொத்து. அங்கிருந்து தெற்கே இறங்கி எம்83, சென்டாரஸ் ஏ, அதற்கும் கீழே தென்சிலுவைப் பக்கம். வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கு வரை, வீட்டு முகடுபோல. பக்கத்துக் கலக்ஸிகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. 1953இல் வானியலாளர் ஜெராட் டி வோகூலர் இதைக் கவனித்து, நாம் ஒரு தட்டையான பெருங்கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம் என்று எழுதினார். அந்தத் தளத்துக்கு மீகலக்ஸித் தளம் என்று பெயர். நம் பால்வீதித் தட்டுக்கு அது ஏறத்தாழச் செங்குத்து. கன்னிப் பக்கம் வானம் நெருக்கமாக இருப்பதை வில்லியம் ஹெர்ஷல் 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். ஆனால் அந்த மங்கல்கள் எவ்வளவு தொலைவு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு முறை இந்தக் கோட்டைக் கையால் காட்டிக்கொண்டு போனபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், அப்ப நாங்கள் நடுவிலயோ நிக்கிறம்?”

“இல்லை பிள்ளை, நடு யாழ்ப்பாணத்தில. நாங்கள் கிளிநொச்சியில.”

அவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

ஐந்தாம் படி: உங்கள் கையால் ஒரு துண்டு அண்டம்

வானம் தட்டையாகத் தெரியும். ஆழம் எப்படி வந்தது? 1924 அளவில் எட்வின் ஹபிள், ஹென்ரியெட்டா லீவிட் கண்டுபிடித்த விதியைக் கொண்டு (சில விண்மீன்களின் ஒளி கூடிக் குறைய எடுக்கும் நேரத்திலிருந்து அவற்றின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லும் விதி) அந்திரோமேடாவின் தூரத்தை அளந்தார். 1929இல் இன்னொன்றைச் சொன்னார்: தொலைவில் உள்ள கலக்ஸி எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக விலகுகிறது. அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதைக் கொண்டு வேகத்தை அளக்கலாம். வேகம் தெரிந்தால் தூரம் தெரியும்.

கணக்கு இலேசு. செக்கனுக்கு 1,000 கிலோமீற்றர் வேகம் என்றால் சுமார் 47 மில்லியன் ஒளியாண்டு. கோமா கொத்தின் வேகம் 7,000. ஏழை நாற்பத்தேழால் பெருக்கினால் 329. வேறு வழிகளில் அளந்தாலும் சுமார் 320தான் வருகிறது.

ஒரு வெள்ளைத் தாள், பாகைமானி, அடிமட்டம் எடுங்கள். தாளின் கீழ் விளிம்பில் நடுவே ஒரு புள்ளி, அதுதான் நாம். அங்கிருந்து 135 பாகை விரிந்த ஒரு விசிறி வரையுங்கள். வலக்கை ஓரத்துக் கோடு பூச்சியப் பாகை. 1,000 வேகத்துக்கு 1 சென்றிமீற்றர். இனிப் புள்ளி வையுங்கள்: கன்னிக் கொத்து 67 பாகையில் 1.1 சென்றிமீற்றர். சிம்மத்துக் கொத்து 56 பாகையில் 6.6. கோமா 75 பாகையில் 7. ஹேர்குலிஸ் 121 பாகையில் 11. சிம்மம், கோமா, ஹேர்குலிஸ் மூன்றையும் ஒரு வளைகோட்டால் தொடுத்துப் பாருங்கள். அதுதான் பெருஞ்சுவர். 1989இல் மார்கரெட் கெல்லரும் ஜோன் ஹுக்ராவும் அறிவித்தது, நீளம் சுமார் 500 மில்லியன் ஒளியாண்டு.

அவர்கள் வலேரி டி லப்பரனுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட முதல் துண்டில் சுமார் 1,100 கலக்ஸிகள் இருந்தன. வெறும் 1.5 மீற்றர் தொலைநோக்கியால், ஒவ்வொன்றாக அளந்தது. புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது நடுவில் கைகால் விரித்த ஒரு மனிதன் நிற்கிறான்! உடம்பு கோமா கொத்து. அந்த உடம்பு ஒடுங்கி நீண்டிருப்பது உண்மையான வடிவம் இல்லை. கொத்துக்குள் கலக்ஸிகள் அங்குமிங்கும் மிக வேகமாக ஓடுகின்றன. அந்த ஓட்டம் விலகல் வேகத்தில் கலந்துவிடுவதால், நம் கணக்கு அவற்றை முன்னும் பின்னும் இழுத்துப் போடுகிறது. விரல் நம்மை நோக்கி நீட்டியதுபோல இருக்கும். கிட்டத்தில் கணக்கு இன்னும் மோசமாகப் பிழைக்கும்: அந்திரோமேடா விலகவே இல்லை, செக்கனுக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. ஆகவே உள்ளூர்க் குழுவுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

தாளில் இடம் இருந்தால் 102 பாகையில் 15 சென்றிமீற்றரை நடுவாக வைத்து, 3 சென்றிமீற்றர் ஆரையில் கவராயத்தால் ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே எதையும் வைக்க வேண்டாம். ரொபர்ட் கேர்ஷ்னர் குழு 1981இல் கண்டுபிடித்த பூட்டீஸ் வெற்றிடம் அது. சுமார் 300 மில்லியன் ஒளியாண்டு அகலத்தில் கலக்ஸிகள் அரிது.

மொத்தத்தில் படம் எப்படி? அறுவடை முடிந்த வயல்வெளியை மேலிருந்து பாருங்கள். வயல் வெறுமை. ஆட்கள் நடப்பது வரம்பில். நான்கு வரம்பு சந்திக்கும் இடத்தில் கூட்டம். கலக்ஸிகளும் அப்படியே: வெற்றிடங்களைச் சுற்றியுள்ள வரம்புகளில் இழையிழையாக நிற்கின்றன, வரம்புகள் கூடும் இடங்களில் கொத்தாகின்றன. பிறந்த புதிதில் அண்டத்தின் பொருள் ஏறக்குறையச் சமமாகப் பரவியிருந்தது. அன்றைய வெப்பத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே ஏற்றத்தாழ்வு. அந்தச் சிறு வித்தியாசத்தை ஈர்ப்பு 1,380 கோடி ஆண்டுகளாகப் பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இழுக்கும் பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். பிரிட்ஸ் ஸ்விக்கி 1933இல் அதற்குத் தடயம் கண்டது இதே கோமா கொத்தில்தான்.

ஆறாம் படி: நீர் பிரியும் மேடு

இனி வருவது வன்னிக்காரருக்கு மற்றவர்களை விட வேகமாக விளங்கும். மாங்குளம் பக்கத்து மேட்டில் மழை பெய்கிறது. ஒரு துளி கனகராயன் ஆற்றில் இறங்கி வடக்கே ஓடி இரணைமடுவுக்கு வந்து, அங்கிருந்து சுண்டிக்குளம் நீரேரிக்குப் போகும். பக்கத்தில் விழுந்த இன்னொரு துளி பேராற்றில் இறங்கி முத்தையன்கட்டுக்குப் போகும். மூன்றாவது பாலியாற்றில் இறங்கி மேற்குக் கடலுக்கு. எந்தக் குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதுதான் அந்தக் குளத்தின் நீரேந்துப் பகுதி. எல்லையை வேலி போட்டுக் காட்ட முடியாது. தண்ணீர் எங்கே பிரிகிறதோ அதுதான் எல்லை.

2014 செப்டெம்பரில் ப்ரென்ட் டல்லி, எலென் கூர்துவா, யெஹுதா ஹோஃப்மன், டானியல் பொமரேட் நால்வரும் கலக்ஸிகளுக்கு இதையே செய்தார்கள். 8,000க்கு மேற்பட்ட கலக்ஸிகளின் தூரத்தை, வேகத்தைப் பயன்படுத்தாத வேறு வழிகளில் அளந்து வைத்திருந்தார்கள். ஒரு கலக்ஸி 100 மில்லியன் ஒளியாண்டில் இருந்தால் அண்டம் விரிவதால் மட்டும் அதற்கு 2,130 வேகம் இருக்க வேண்டும். அளந்தால் 2,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான 270 அதன் சொந்த ஓட்டம். எதுவோ அதை இழுக்கிறது. விரிவைக் கழித்துவிட்டு இந்தச் சொந்த ஓட்டங்களை மட்டும் வரைந்தபோது அவை ஆறுகள்போலக் கூடி ஒரு பள்ளத்தை நோக்கி ஓடின. எந்தெந்தக் கலக்ஸியின் ஓட்டம் நம் பள்ளத்தை நோக்குகிறதோ அவை எல்லாம் சேர்ந்து லனியாக்கேயா. ஹவாய் மொழியில் அளவிட முடியாத வானம் என்று பொருள். அகலம் 520 மில்லியன் ஒளியாண்டு, சுமார் 1,00,000 கலக்ஸிகள். நம் அளவுத்திட்டத்தில் 520 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான முழு இலங்கையும் சுமார் 430தான். கன்னிக் கொத்தும் நாமும் அதில் ஒரு ஓரம். பெர்சியஸ் கொத்து மேட்டுக்கு அந்தப் பக்கம், வேறு நீரேந்துப் பகுதி.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குளத்துத் தண்ணீர் குளத்துக்கு வந்து சேரும். லனியாக்கேயாவின் கலக்ஸிகள் பெரும்பாலும் வந்து சேரா. கன்னிக் கொத்துகூட இன்றைக்கும் நம்மை விட்டு விலகியே போகிறது, இழுப்பு அந்த விலகலைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சின்னக் குளம் நிரம்பினால் வான் பாய்ந்து பெரிய குளத்துக்குப் போகும். 2024இல் டல்லி, பொமரேட் ஆகியோரும் இருந்த ஒரு குழு கூடுதல் தரவுகளோடு மறுபடி கணக்குப் போட்டது. லனியாக்கேயாவே ஷாப்லியை நடுவாகக் கொண்ட இன்னும் பெரிய நீரேந்துப் பகுதிக்குள் அடங்கக்கூடும் என்று வந்திருக்கிறது.

ஏழாம் படி: பள்ளத்தையும் வெறுமையையும் பார்க்க இரண்டு இரவுகள்

சித்திரையில் விழித்திருக்க முடிந்தால் அதிகாலை இரண்டு மணிக்கு மறுபடி தெற்கே பாருங்கள். பால்வீதி தடித்து எழுந்திருக்கும். விருச்சிகத்துக்குக் கீழே, தண்ணீரிலிருந்து இரண்டு முட்டி உயரத்தில், நோர்மா கொத்து இருக்கும் திசை. லனியாக்கேயாவின் ஓட்டங்கள் கூடும் பெரும் ஈர்ப்புப் பகுதி அங்கேதான். நம் பால்வீதியின் தூசியும் விண்மீன்களும் அதை மறைத்து நிற்கின்றன. அதனால் 1980களில் கலக்ஸிகளின் ஓட்டத்தைக் கொண்டு அங்கே ஏதோ இருக்கிறது என்று முதலில் ஊகித்தார்கள். அகச்சிவப்பிலும் எக்ஸ்-கதிரிலும் ஐதரசன் வானொலி அலையிலும் பார்த்துத்தான் திரைக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணினார்கள்.

ஆவணியில் இரவு எட்டரைக்கு உச்சியைப் பாருங்கள். திருவோணத்துக்கும் அபிசித்துக்கும் நடுவே விண்மீன்கள் நிறைய இருக்கும், எல்லாம் நம் கலக்ஸியின் சொந்த விண்மீன்கள். அவற்றுக்குப் பின்னால் உள்ளூர் வெற்றிடம். டல்லியும் ரிச்சட் பிஷரும் 1987இல் குறித்தது. நம் குழுவின் வாசலிலேயே தொடங்கி 150 மில்லியன் ஒளியாண்டுக்குக் குறையாமல் நீள்கிறது. அந்தப் பக்கம் இழுக்க ஆள் இல்லாததால் மற்றப் பக்கத்து இழுப்பு வெல்கிறது. நாம் செக்கனுக்கு சுமார் 260 கிலோமீற்றர் வேகத்தில் அந்த வெறுமையை விட்டு விலகிக்கொண்டிருக்கிறோம். பைனாகுலர் இதற்குத் தேவையில்லை. பாயை விரித்து, அந்த இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் போதும்.